மொட்டைமாடி ஷெட் புயலில் பறப்பது ஏன்? குறுக்குக் கம்பி செய்யும் வேலை என்ன?

சென்னையில் 'புயல்' என்றதும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது தண்ணீர்தான். 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற வேளச்சேரி, மேம்பாலத்தில் வரிசைகட்டிய கார்கள். அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் காரை மேட்டில் ஏற்றுகிறோம், பால் பாக்கெட் வாங்குகிறோம், பவர் பேங்கை சார்ஜ் போடுகிறோம். மொட்டைமாடியை யாரும் நினைப்பதில்லை.

2016 டிசம்பர் 12 வேறு மாதிரியான நாள். வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 110 கிலோமீட்டர் அளவில் வீசியது, இடையிடையே 120 வரை எகிறியது. அடையாறிலும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சாலைக்குச் சாலை மரம் விழுந்தது நிறைய பேருக்கு நினைவிருக்கும். ஆனால், அன்று விழுந்தது மரம் மட்டுமல்ல. தகரக் கூரைகள், பெயர்ப்பலகைகள், தண்ணீர் தொட்டி மூடிகள், மொட்டைமாடி ஷெட்கள் என்று மேலே இருந்தவை தெருவுக்கு வந்தன.

அதற்குப் பிறகு நம் மொட்டைமாடிகள் காலியாகவா இருக்கின்றன? இல்லை. துணி காயவைக்க ஷெட், ஒர்க் ஃபிரம் ஹோம் காலத்தில் போட்ட ஷெட், 'மினி ஹால்' என்ற பெயரில் ஷெட், வாடகைக்கு விட்ட ஒற்றை அறையின் தகரக் கூரை. இப்போது புதிதாக, எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டிய சோலார் பேனல் ஃபிரேம். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் கிடைப்பதால், இந்த ஃபிரேம்கள் தெருவுக்கு நாலு என்று முளைக்கின்றன.

இவை எல்லாமே ஒரே வகைக் கட்டுமானம்தான். நாலு கால், மேலே ஒரு கூரை, நடுவில் சுவர் கிடையாது. நம் ஊர்க் கொட்டகையும் பந்தலும் அதேதான். வெளிநாட்டில் 'போல் பில்டிங்' என்று சொல்லிப் பண்ணைகளில் கட்டுவதும் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். கொட்டகைக்கும் பந்தலுக்கும் கால் மண்ணுக்குள் இறங்குகிறது. மொட்டைமாடி ஷெட்டுக்குக் கால் எங்கேயும் இறங்குவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது

ஷெட் என்றால் காற்று பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்க்கும் என்றுதான் தோன்றும். அது பாதி உண்மை. தகரக் கூரையின் மேல் காற்று வேகமாகப் போகும்போது கூரைக்கு மேலே அழுத்தம் குறைகிறது. அடியில் நுழைந்த காற்று கீழிருந்து மேலே முட்டுகிறது. இரண்டும் சேர்ந்து கூரையை மேலே இழுக்கின்றன. விமான இறக்கை எழும்புவதும் இந்த அழுத்த வித்தியாசத்தில்தான்.

எவ்வளவு விசை? கணக்கு ரொம்ப சிம்பிள். காற்றின் வேகத்தை (விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று) எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். இந்தியத் தரநிர்ணய ஆவணமான ஐ.எஸ். 875, பகுதி 3-ல் இருக்கும் சூத்திரம் இது. வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். 60 கி.மீ. காற்று 120 ஆனால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 'போன மழைக்கு ஒண்ணும் ஆகலையே' என்ற ஆறுதல் செல்லாததற்கு இதுதான் காரணம்.

இப்போது வர்தா அளவுக் காற்றை, அதாவது 120 கி.மீ. வேகத்தைப் போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடைக்குச் சமமான விசை வருகிறது. 20 அடிக்கு 30 அடி ஷெட் என்றால் பரப்பு ஏறக்குறைய 56 சதுர மீட்டர். கூரையின் வடிவத்தைப் பொறுத்து இது கூடும் குறையும் என்றாலும், தோராயமாக 3.8 டன் விசை மேல்நோக்கி இழுக்கிறது. தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். பைப், பர்லின் எல்லாம் சேர்த்தாலும் மொத்த ஷெட் ஒரு டன்னைத் தொடாது. மீதி கிட்டத்தட்ட மூன்று டன்னை யார் பிடித்துக்கொள்வது? ஆறு கால் இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் அரை டன் இழுவை. மூலைக் கால்களுக்கு அதற்கும் மேல். ஏனென்றால் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்றின் உறிஞ்சல் அதிகம்.

இதில் இன்னொரு விஷயம். அதே ஐ.எஸ். 875 சென்னைக்கு நிர்ணயித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வர்தா அதைத் தொடவே இல்லை. 180-ல் அதே ஷெட்டுக்கு எட்டரை டன்.

சோலார் பேனலுக்கும் இதே கணக்குதான். இப்போது பரவலாக வரும் பெரிய பேனல் ஒன்று ஏறக்குறைய இரண்டரை சதுர மீட்டர், எடை 30 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 120 கி.மீ. காற்றில் அதன்மேல் 170 கிலோவுக்கு மேல் விசை வரலாம்.

அப்புறம் மணல் மூட்டை. புயல் அறிவிப்பு வந்ததும் கூரைமேல் மணல் மூட்டையோ செங்கல்லோ வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோ மூட்டை ஒன்று ஒரு சதுர மீட்டரைக்கூடக் காப்பாற்றாது. கூரை எழும்பினால் அந்தச் செங்கல்தான் முதலில் தெருவில் விழும்.

நாலு பக்கச் சட்டம் ஏன் சாய்கிறது?

ஐஸ்கிரீம் குச்சி நாலு எடுத்து, மூலைகளில் ஊசி குத்திச் சதுரமாக்குங்கள். மேல் குச்சியை விரலால் தள்ளினால் சதுரம் சரிந்து சாய்சதுரம் ஆகிவிடும். குச்சி எதுவும் உடையவில்லை, வளையவில்லை. ஆனாலும் சட்டம் படுத்துவிட்டது. இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஐந்தாவது குச்சியைப் போடுங்கள். தள்ளினாலும் அசையாது. காரணம், சதுரம் இரண்டு முக்கோணங்கள் ஆகிவிட்டது. முக்கோணத்தின் பக்க நீளம் மாறாமல் அதன் வடிவத்தை மாற்ற முடியாது.

அந்த ஐந்தாவது குச்சிதான் பிரேசிங். நம் ஊரில் முட்டு, குறுக்குக் கம்பி, கிராஸ் என்று இடத்துக்கு ஏற்ற பெயர். பந்தல் போடுகிறவர்களிடம் இது பாடமாகப் படித்து வந்ததல்ல. மயிலாப்பூர் மாடவீதியில் பங்குனித் திருவிழாவுக்கு நிற்கும் பந்தலை அடுத்த முறை பார்க்கும்போது மேல்துணியை விட்டுவிட்டு ஓரக் கால்களைப் பாருங்கள். சாய்வாக ஒரு சவுக்குக் கட்டை கட்டியிருக்கும், இல்லையென்றால் இழுத்துக் கட்டிய கயிறாவது இருக்கும். கால் மண்ணில் இறங்கியிருந்தும் அவர்கள் அதை விடுவதில்லை.

மொட்டைமாடியில் நடப்பது நேர் எதிர். கால் எங்கேயும் புதையவில்லை, அடியில் ஒரு தகடு வைத்து போல்ட் போட்டிருக்கிறது. அந்த இணைப்பு கதவுக் கீல் மாதிரி வளையக்கூடியது. அப்படியானால் அந்த ஷெட் சாயாமல் நிற்பதற்குப் பிரேசிங் ஒன்றுதான் வழி. ஆனால், துணி காயவைக்கக் குறுக்கே நிற்கிறது, தலையில் இடிக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான். கொட்டேஷனில் ஷீட்டின் கலருக்கு ஒரு வரி இருக்கும், பிரேசிங்குக்கு வரியே இருக்காது. எனக்கென்னவோ முழுத் தவறும் வெல்டிங் கடைக்காரருடையது என்று தோன்றவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் கேட்கிறவர்கள் நாம்தானே?

எங்கே போடுவது?

காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். வர்தாவின் மையம் நகரத்தின் மேலேயே வந்ததால் முதலில் வடக்குப் பக்கமிருந்து அடித்த காற்று, கொஞ்ச நேரம் ஓய்ந்து, பிறகு ஏறக்குறைய எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்தது. ஒரு பக்கம் தள்ளினால் தாங்கும் கம்பி மறுபக்கம் தள்ளும்போதும் தாங்க வேண்டும்.

மெல்லிய கம்பி இழுத்தால் நிற்கும், அமுக்கினால் வளைந்துவிடும். அதனால் மெல்லிய ராடு போடுவதாக இருந்தால் ஒற்றைச் சாய்வு போதாது. பெருக்கல் குறி மாதிரி இரண்டு போட வேண்டும். எந்தப் பக்கம் காற்று தள்ளினாலும் ஒன்று இழுவையில் நிற்கும். நடுவில் டர்ன்பக்கிள் வைத்தால் தளர்ந்தபோது முறுக்கிக்கொள்ளலாம். சாய்வு 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ரொம்பச் செங்குத்தாகவோ ரொம்பப் படுத்தோ இருந்தால் கம்பியில் விசை தேவையில்லாமல் ஏறும்.

நாலு பக்கத்திலும் குறைந்தது ஒவ்வோர் இடைவெளிக்கு இப்படிப் போட வேண்டும். கூரையின் தளத்திலும், அதாவது ட்ரஸ்களுக்கு நடுவிலும் பெருக்கல் குறி வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பக்கக் கம்பி பலமாக இருந்தும் மேலே இருக்கும் ட்ரஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டு போலச் சரியலாம்.

நடக்க வழி வேண்டும், குறுக்கே கம்பி கூடாது என்றால் மூலை முட்டு போடலாம். காலின் மேல்பகுதியிலிருந்து இரண்டடி கீழே தொடங்கி, உத்தரத்தில் இரண்டடி தள்ளிப் போய்ச் சேரும் சின்னச் சாய்வுத் துண்டு. தலையில் இடிக்காது. ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. மூலை முட்டு காலை நடுவில் வளைக்கும். அதனால் கால் பைப் பருமனாக, சுவர்த் தடிமன் கூடியதாக இருக்க வேண்டும். முழுப் பெருக்கல் குறிக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று பக்கம் தகரம் அடைத்து ஒரு பக்கம் திறந்த ஷெட் இருக்கிறதே, அதுதான் மோசம். காற்று திறந்த பக்கம் நுழைந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளே பலூன் மாதிரி ஊதும். மேலே உறிஞ்சல், உள்ளே ஊதல். பக்கத் தகரமும் சும்மா இல்லை. 20 அடி நீளம், 8 அடி உயரம் அடைத்தாலே 120 கி.மீ. காற்றில் பக்கவாட்டில் ஒரு டன் தள்ளு வரும்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

சரி, குறுக்குக் கம்பி போட்டாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை, இங்கேதான் வில்லங்கம். பக்கவாட்டுத் தள்ளு எங்கேயும் மறைந்துவிடாது. குறுக்குக் கம்பி வழியாக இறங்கி, ஒரு காலை அமுக்கி, இன்னொரு காலை மேலே இழுக்கும். அதாவது பிரேசிங் போட்ட கால்களின் அடியில் இழுவை முன்பைவிடக் கூடும். அடி போல்ட் பலவீனமாக இருந்தால் ஷெட் சாயாது, அப்படியே வடிவம் குலையாமல் பறக்கும்.

நம் மொட்டைமாடியின் அடுக்கைக் கொஞ்சம் யோசியுங்கள். மேலே தட்டோடு. அதன் அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ், பல பழைய பிளாட்களில் மூன்று நாலு அங்குலம். அதற்கும் கீழேதான் கான்கிரீட் தளம். மூன்று அங்குல ஆங்கர் போல்ட்டைத் தட்டோட்டின் மேலிருந்து அடித்தால் அது பிடித்திருப்பது கான்கிரீட்டை அல்ல, சுண்ணாம்பு ஜல்லியை. கையால் ஆட்டிப் பார்த்தால் ஆடாது. அரை டன் இழுவையில் பல் பிடுங்குவது மாதிரி வந்துவிடும்.

தளத்தைத் தோண்டினால் ஒழுகும் என்ற பயத்தில் பலர் கால்களைக் கைப்பிடிச் சுவர்மேல் நிறுத்துகிறார்கள். பயம் நியாயமானது, தீர்வு ஆபத்தானது. நாலரை அங்குலச் செங்கல் சுவரை மேல்நோக்கி இழுத்தால் அதைப் பிடிப்பது வரிசைகளுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட் பூச்சு மட்டுமே. ஷெட்டோடு சுவரும் தெருவுக்குப் போகும்.

சரியான வழி, வெதரிங் கோர்ஸை அந்த இடத்தில் மட்டும் வெட்டியெடுத்து, கீழே கட்டடத்தின் தூணோ பீமோ இருக்கும் இடமாகப் பார்த்து, கான்கிரீட்டுக்குள் கெமிக்கல் ஆங்கர் இறக்கி, அல்லது தூண் கம்பிகளோடு இணைத்துச் சின்னக் கான்கிரீட் பீடம் எழுப்பி, அதைச் சுற்றி வாட்டர்புரூஃபிங் செய்வது. செலவு கூடுதல்தான். அறுபது கிலோ ஆள் கயிறு கட்டித் தொங்கக்கூட யோசிக்கும் போல்ட்டை நம்பி மூன்று டன்னை விடுவதைவிட இது மலிவு.

மயிலாப்பூரில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கூரை 'மெட்ராஸ் டெரஸ்' ஆக இருக்கலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரங்கள் வரிசையாகத் தெரியும், நடுவில் சின்னச் செங்கற்கள் குறுக்காக அடுக்கியிருக்கும். அதில் கான்கிரீட்டே கிடையாது, சுண்ணாம்புதான். அங்கே எந்த போல்ட்டும் பிடிக்காது. கால் போடுவதானால் கனமான சுவர்களின் தலையில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வரைந்து கொடுத்தபடி மட்டும்தான். எண்பதுகளில் கட்டிய அடையாறு, பெசன்ட் நகர் பிளாட்களில் வேறு சிக்கல். மேல்மாடி வீட்டுக்குள் சீலிங் பூச்சு உதிர்ந்து துருக் கறை தெரிந்தால், அந்தத் தளத்தில் துளை போடுவதற்கு முன்னால் தளத்தையே சரிபார்க்க வேண்டும்.

டார்வின் நகரம் சொன்ன ஸ்க்ரூ கதை

1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை ட்ரேசி புயல் தாக்கியது. நகரத்தின் பெரும்பாலான வீடுகள் அழிந்தன. பின்னர் இன்ஜினீயர்கள் ஆராய்ந்தபோது ஓர் ஆச்சரியம். நிறைய இடங்களில் ஸ்க்ரூ பிடுங்கி வரவில்லை. ஸ்க்ரூ மரத்திலேயே இருந்தது, தகரம் மட்டும் அதன் தலையைச் சுற்றிக் கிழிந்து பறந்திருந்தது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடியுமே, அதே சங்கதி. புயல் காற்று சீராகத் தள்ளாது, மணிக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை இழுத்து விடும். ஸ்க்ரூவைச் சுற்றித் தகரத்தில் விரிசல் விழுந்து, ஒரு ஷீட் கழன்றதும் பக்கத்து ஷீட்டின் ஓரம் திறந்துகொள்கிறது. அங்கே தொடங்கிய ஆராய்ச்சிதான் இன்றைக்கு ஸ்க்ரூவின் அடியில் அகலமான உலோக வாஷர் போடுவது, கூரை ஓரங்களில் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுவது போன்ற வழக்கங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

இங்கே நமக்கு உப்புக்காற்று வேறு. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் பக்கம் ஸ்க்ரூவின் தலையும் அதைச் சுற்றிய தகரமும்தான் முதலில் துருப்பிடிக்கும். அதற்கடுத்தது காலின் அடி, தண்ணீர் தேங்கும் இடம். வெல்டிங் வைத்த இடத்தில் பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். ஜிங்க் பிரைமர் அடிக்காமல் நேராக பெயின்ட் அடித்தால் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே பளபளப்பாகத் தெரியும்.

பெரிய கட்டடங்கள் தப்பிக்கின்றன என்றும் இல்லை. 2014 ஹுத்ஹுத் புயலில் விசாகப்பட்டினம் விமான நிலையத்தின் கூரை சிதைந்தது. 2019 ஃபானியில் பூரி ரயில் நிலையக் கூரை பெயர்ந்தது. காற்றுக்குக் கட்டடம் எப்படித் தாங்குகிறது என்று சோதிக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்று நம் தரமணியிலேயே, சி.எஸ்.ஐ.ஆர்.-ன் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இருக்கிறது. அங்கிருந்து தி.நகர் மொட்டைமாடிக்கு ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆனால், அந்த அறிவு வெல்டிங் கடை வரை போய்ச் சேர்ந்தபாடில்லை.

கீற்றா, தகரமா?

'அந்தக் காலத்துக் கீற்றுக் கொட்டகையே தேவலை' என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. கீற்றின் இடுக்கு வழியாகக் காற்று கொஞ்சம் கசியும், பிய்ந்தாலும் துண்டு துண்டாகப் பிய்யும். தகர ஷீட் முழுசாகக் கழன்றால் கத்தி மாதிரி பறக்கும். ஆனால், கீற்றின் ஆபத்து வேறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2018 கஜாவில் டெல்டாவின் கீற்று, ஓட்டு, தகரக் கூரைகள் எதுவும் தப்பவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். கூரை எதனால் ஆனது என்பதைவிட, அதைக் கீழே எது பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் உதவும்.

இப்போது என்ன செய்யலாம்?

ஷெட் ஏற்கெனவே இருக்கிறதா? வெயில் நாளில் மேலே போய், ஒவ்வொரு காலின் அடித்தகட்டையும் போனில் படம் எடுங்கள். போல்ட் எத்தனை, துரு எவ்வளவு, தகடு தட்டோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா அல்லது கான்கிரீட்டின் மேலா என்று தெரியும். ஒரு காலை இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எதிர்மூலையில் ஷீட் சத்தம் போட்டால் குறுக்குக் கம்பி இல்லை அல்லது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். படங்களை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். இருக்கிற ஷெட்டில் குறுக்குக் கம்பி சேர்ப்பது பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் வெல்டிங் வேலை. அடித்தகட்டைச் சரிசெய்வதுதான் நேரம் பிடிக்கும்; அதை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் முடித்துவிட வேண்டும்.

புதிதாகப் போடுவதாக இருந்தால், சோலாராக இருந்தாலும், கொட்டேஷனில் மூன்று வரிகளை எழுதிக் கேளுங்கள்: எந்தக் காற்று வேகத்துக்கு டிசைன் செய்திருக்கிறீர்கள், பிரேசிங் எங்கெங்கே வருகிறது, ஆங்கர் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது. '25 வருஷ வாரன்ட்டி சார்' என்று பதில் வந்தால் அது பேனலுக்கான வாரன்ட்டி, காலுக்கானது அல்ல. அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். தண்ணீர் லாரி பாக்கியைப் பேசி முடித்த பிறகாவது.

புயல் எச்சரிக்கை வந்தபின் செய்ய முடிவது குறைவு. பக்கத்தில் கட்டிய தார்ப்பாய், ஷேட் நெட், ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காற்று தங்கும் பரப்பு குறையும். தளர்ந்த ஷீட் இருந்தால் முந்தின நாளே இறக்கிவிடுங்கள். ஷெட்டுக்கு அடியில் யாராவது தங்கியிருந்தால், வாட்ச்மேனோ வாடகைக்கு இருப்பவரோ, அன்று இரவு அவர்களுக்குக் கீழே ஒரு இடம் கொடுங்கள். காற்று திடீரென்று நின்றுவிட்டால் 'முடிஞ்சிடுச்சு' என்று மேலே ஓடாதீர்கள். வர்தாவன்று ஓய்ந்ததும் அப்படித்தான், மறுபக்கத்துக் காற்று வருவதற்கு முன்னால்.